மடமும் துப்பாக்கியும்: ஓபர்ன்டோர்ஃப் கட்டடங்கள் கூறும் வரலாறு

பழைய கட்டடம் ஒன்றைக் காணும்போது, அதனை எழுப்பியவர் யார், எழுப்பிய ஆண்டு எது என்னும் வினாக்களோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். பின்வந்தோர் அதனை எவ்வெவற்றிற்குப் பயன்படுத்தினர் என்பதும் வரலாற்றுக் கல்விக்கு இன்றியமையாத வினாவாகும். தென்மேற்கு ஜெர்மனியில், நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டோர்ஃப் நகரின் துப்பாக்கித் தொழிற்சாலை இதற்குத் தக்க சான்று.

இத்தொழிற்சாலை வெற்று நிலத்தில் தோன்றியதன்று. அங்கே அகஸ்டின் சபைத் துறவியரின் மடமும், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த தேவாலயமும் இருந்தன. நெப்போலியன் காலத்து அரசியல் மாற்றங்களால் 1806இல் மடம் கலைக்கப்பட்டு, வூர்ட்டம்பெர்க் அரசின் உடைமையாயிற்று. 1811இல் மன்னர் முதலாம் ஃபிரெடரிக் அங்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையை நிறுவ ஆணையிட்டார். விரிந்த கட்டடம் ஆயத்தமாக இருந்தது. பொறிகளை இயக்க ஆற்றுநீரின் விசையும் அருகிலேயே கிடைத்தது. வழிபாடு நிகழ்ந்த இடத்தில் படைக்கலத் தொழில் குடியேறியது.

அத்தொழிற்சாலையில் பணியாற்றிய தொழிலாளர் ஒருவரின் மக்களே வில்ஹெல்ம் மௌசர், பால் மௌசர் உடன்பிறப்புகள். தந்தையின் தொழிலை அங்கேயே பயின்ற அவர்கள் வடிவமைத்த துப்பாக்கியை ஜெர்மன் பேரரசு 1871ஆம் ஆண்டு மாதிரியாக ஏற்றுக்கொண்டது. 1874இல் அத்தொழிற்சாலையே அவர்களது உடைமையாயிற்று. பிற நாடுகளும் துப்பாக்கிகளை வாங்கவே, நெக்கார் பள்ளத்தாக்கில் புதிய தொழிற்கூடங்கள் எழுந்தன. ‘சுவீடியர் கட்டடம்’ என்னும் பெயர், சுவீடன் நாட்டுக்காக அங்கு நிகழ்ந்த உற்பத்தியை இன்றும் நினைவூட்டுகிறது.

இவ்வளர்ச்சியை மட்டும் கூறி நிறுத்துவது பாதி வரலாறாகும். இரண்டாம் உலகப் போரின்போது, பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானோர் மௌசர் தொழிற்சாலையில் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். அருகிலுள்ள அயிஸ்டைக்கில் தண்டனை உழைப்பு முகாம் ஒன்றும் இயங்கியது. 1945இல் நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர் பொறிகளை அகற்றினர். தொழிற்கூடங்கள் பலவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். எனினும் படைக்கலத் தொழில் மறைந்துவிடவில்லை. மௌசரில் பணியாற்றிய பொறியாளர்கள் 1949இல் அந்நகரிலேயே ஹெக்லர் அண்டு கோக் நிறுவனத்தைத் தொடங்கினர்.

இன்று பழைய மடம் நகராட்சி மன்றமாக விளங்குகிறது. புதுப்பிக்கப்பட்ட தேவாலயத்தில் இசை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. சுவீடியர் கட்டடம் அருங்காட்சியகமாகியுள்ளது. அழகுற மீட்கப்பட்ட சுவர்கள், தம்முள் உழன்ற மனிதர்களின் துயரைத் தாமே எடுத்துரைப்பதில்லை. அதனை நாமே கேட்டறிதல் வேண்டும். ஆகவே, இத்தகைய கட்டடத்தைப் பாடமாக எடுக்கும் ஆசிரியர், கருவியைப் புனைந்தவரின் பெயரோடு மூன்று வினாக்களையும் மாணவர் முன் வைத்தல் நன்று: இங்கே முன்பு இருந்தோர் யாவர்? உழைத்தோர் யாவர்? அவர்களுள் விரும்பி வந்தோர் எத்தனை பேர்?