கோர்தோபாவை அரை நாளில் பார்க்காதீர்கள்

ஸ்பெயின் சுற்றுலா என்றால் மாட்ரிட், பார்சிலோனா, தெற்கே செவில், கிரனாடா என்று திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கோர்தோபாவுக்கு நடுவில் நாலு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் பஸ்ஸிலிருந்து இறக்கி, மெஸ்கித்தா என்ற பழைய பள்ளிவாசலைக் காட்டி, சாப்பாடு போட்டு, வெயில் தாழும் முன்பே ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த ஊருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது. பத்தாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரம் இதுதான். அப்போது இங்கே ஆண்ட முஸ்லிம் கலீபா இரண்டாம் அல் ஹகமின் நூலகத்தில் 4 லட்சம் நூல்கள் இருந்ததாகப் பழைய அரபு வரலாறுகள் சொல்கின்றன. எண்ணிக்கை சற்று மிகையாகவே இருக்கட்டும், அன்றைய ஐரோப்பாவில் வேறெந்த ஊரைப் பற்றியும் இப்படிச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது.

போய்ச் சேருவதில் சிரமமே இல்லை. ஸ்பெயினின் முதல் அதிவேக ரயில் பாதை 1992-ல் மாட்ரிடுக்கும் செவிலுக்கும் நடுவே போடப்பட்டது. அது கோர்தோபா வழியாகத்தான் போகிறது. மாட்ரிடிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், செவிலிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். பழைய நகரத்துக்குள் எல்லாமே நடந்து போகும் தூரம்தான்.

மெஸ்கித்தாவைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். டமாஸ்கஸில் ஆண்ட உமையா வம்சம் 750-ல் வீழ்த்தப்பட்டபோது, கொலைவாளுக்குத் தப்பி ஓடிய இளவரசர் அப்துர் ரஹ்மான். வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயினுக்கு வந்து, 756-ல் கோர்தோபாவின் அமீர் ஆனார். அவர் 785 வாக்கில் தொடங்கிய பள்ளிவாசலைப் பின்னால் வந்தவர்கள் மூன்று முறை பெரிதாக்கினார்கள். இன்று உள்ளே நிற்கும் தூண்கள் 856. பனந்தோப்புக்குள் நடப்பதுபோல, ஓரடி நகர்ந்தால் ஒரு வரிசை மறைந்து இன்னொரு வரிசை திறக்கிறது.

தூண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். தொடக்ககாலப் பகுதியில் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்று சாம்பல் நிறம், அடுத்தது ரோஜா நிறம், ஒன்றுக்கு அடிப்பீடம் இருக்கும், பக்கத்திலேயே ஒன்று நேராகத் தரையில் ஊன்றியிருக்கும். ரோமானிய, விசிகோத் காலத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்த தூண்கள் அவை. உயரம் போதவில்லை. அத்தனை பெரிய மண்டபத்துக்குத் தாழ்ந்த கூரை போட்டால் மூச்சு முட்டும். அதற்குக் கொத்தனார்கள் கண்ட வழிதான் உலகப் புகழ் பெற்ற அந்த இரட்டை வளைவு. கீழே குதிரை லாட வடிவில் ஒரு வளைவு தூணையும் தூணையும் பிடித்து நிறுத்துகிறது. அதற்கு மேலே, நடுவில் சுவரே இல்லாமல், அரைவட்ட வளைவு ஒன்று கூரையைத் தாங்குகிறது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவது செங்கல்லும் சுண்ணாம்புக் கல்லும். இல்லாத உயரத்தை உண்டாக்க வந்த யோசனையே கட்டடத்தின் அழகாகிவிட்டது.

அங்கிருந்து கிழக்குப் பக்கம் நடந்தால் 987-ல் ஆட்சியைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்மன்சூர் சேர்த்த பகுதி வரும். அங்கே வளைவுகள் முழுக்கக் கல். சிவப்புப் பட்டை வெறும் வண்ணப்பூச்சு. பெரிய இடம், குறைந்த வேலைப்பாடு. அதற்கு நேர்மாறாக, அல் ஹகம் எழுப்பிய மிஹ்ராப் என்ற தொழுகை மாடத்தின் முன் தங்கம் பளபளக்கும் கண்ணாடிச் சில்லுகளில் அரபு எழுத்துகளும் கொடிகளும் படர்கின்றன. பைசாந்தியப் பேரரசர் அனுப்பிய கைவினைஞரும் சில்லுகளும் சேர்ந்து உருவாக்கிய வேலை அது. கிறிஸ்தவப் பேரரசர் ஒருவர் முஸ்லிம் கலீபாவின் தொழுகை மாடத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

1236-ல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ நகரைக் கைப்பற்றியதும் பள்ளிவாசல் தேவாலயமானது. கட்டடம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. 1523-ல் ஆயர் அலோன்சோ மன்ரிக்கே, நடுப்பகுதியை இடித்து உயரமான தேவாலயக் கூடம் எழுப்ப முனைந்தார். எதிர்த்து நின்றது யார் தெரியுமா? கிறிஸ்தவர்களே நடத்திய நகர மன்றம். இடிக்கும் வேலைக்குப் போகிறவனுக்கு மரண தண்டனை என்று ஆணையே போட்டார்கள். வழக்கு மன்னர் ஐந்தாம் சார்லஸிடம் போனது. அவர் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிறகு நேரில் வந்து பார்த்து, எங்கும் இல்லாத ஒன்றை எங்கும் இருக்கிற ஒன்றுக்காகக் கெடுத்துவிட்டீர்களே என்று வருந்தியதாகச் சொல்வார்கள். அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, தோற்றுப்போன அந்த நகர மன்றத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தன் மதத்தைச் சேராத ஒரு கட்டடத்துக்காக ஓர் ஊர் தன் ஆயரையே எதிர்த்து நின்றிருக்கிறது. அந்தக் கூடமும் ஒதுக்கித் தள்ள வேண்டிய வேலையல்ல. பாடகர் குழுவின் இருக்கைகளில் உள்ள மரச் செதுக்கலைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 2006-ல் மறைமாவட்டம் முப்பது யூரோ கட்டணத்தில் கட்டடத்தைத் தன் பெயரில் பதிந்துகொண்டது. கட்டடம் யாருக்குச் சொந்தம் என்ற வாதம் அதன் பிறகும் நடந்துகொண்டிருக்கிறது.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை தனியாக வருபவர்களுக்கு நுழைவு இலவசம், குழுக்களுக்கு அனுமதி இல்லை. விழா நாட்களில் இது மாறும் என்பதால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே முந்தின இரவு ஊரில் தங்கலாம்.

வெளியே வந்தால் குவாதல்கிவீர் ஆறு. ரோமானியர் போட்ட, பலமுறை பழுதுபார்த்த பதினாறு வளைவுப் பாலத்தில் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். அக்கரையிலிருந்து, சூரியன் சாயும் நேரத்தில் ஊரைத் திரும்பிப் பாருங்கள். யூதர் தெருக்களில் 1315-ல் கட்டிய சின்னஞ்சிறு ஜெபக்கூடம் இருக்கிறது. தத்துவ அறிஞர்கள் மைமோனிடஸும் அவெரோஸும் இந்த ஊரில்தான் பிறந்தார்கள், அதுவும் ஒரே நூற்றாண்டில். கொலம்பஸ் தன் கடல் பயணத்துக்கு ஆதரவு கேட்டு அரசியையும் அரசரையும் சந்தித்த அல்காசர் கோட்டையும் பக்கம்தான். தோட்டம் அழகு, உள்ளே அதிக நேரம் தேவைப்படாது.

இந்த ஊரில் என் மனம் தங்கிப்போனது முற்றங்களில். வெயில் கொளுத்தும் ஊர் என்பதால் வீடுகள் தெருவுக்கு முதுகு காட்டி, நடுவில் முற்றம் விட்டுக் கட்டப்பட்டவை. வெள்ளையடித்த சுவர் முழுக்க, மாடி வரைக்கும் தொட்டிகள், அவற்றில் ஜெரேனியம் பூக்கள். ஒரு மூலையில் கிணறு. எட்டாத தொட்டிக்கு எப்படித் தண்ணீர் விடுவது? நீளமான நாணல் கம்பின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி, நீரை மொண்டு, கம்பை உயர்த்தி ஒவ்வொரு தொட்டியிலும் சாய்க்கிறார்கள். ஒரு சுற்று முடிப்பதற்குள் தோள் விட்டுப்போகும். அப்படித் தண்ணீர் ஊற்றும் ஒரு பெண்ணுக்கு ஊருக்குள் வெண்கலச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

முற்றங்களுக்கான போட்டி 1921-ல் தொடங்கியது. 2012-ல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் மரபாக அங்கீகரித்தது. மே மாதத் தொடக்கத்தில் இரண்டு வாரம் போல வீட்டுக்காரர்களே கதவைத் திறந்து உள்ளே அழைக்கிறார்கள். மற்ற மாதங்களில் வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு முற்றங்கள் கொண்ட வியானா அரண்மனை உண்டு. சான் பசிலியோ பகுதியிலும் சில வீடுகளைப் பார்க்கலாம். எங்கே போனாலும், அது குடியிருக்கும் வீடு என்பதை மறந்து செல்ஃபிக்காகத் தொட்டிகளை நகர்த்தாதீர்கள்.

சாப்பாட்டில் சல்மோரெஹோவைத் தவறவிடாதீர்கள். தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த கெட்டியான குளிர்ந்த சூப் அது. மேலே பன்றி இறைச்சித் துணுக்குகளும் முட்டையும் தூவித் தருவார்கள். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வறுத்த கத்தரிக்காய்மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்துக் கத்தரியையும் கரும்பையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அரபுகள்தான். மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் கிடைக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு எட்டரையாவது ஆகும்.

இரண்டாம் நாள் காலையை மதினத் அஸ்-ஸஹ்ராவுக்கு வையுங்கள். நகருக்கு மேற்கே சுமார் எட்டு கிலோமீட்டர். கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-ல் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம் இது. நூறாண்டு நிற்பதற்குள் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. அகழ்ந்தெடுத்தது ஒரு சிறு பகுதி மட்டுமே. 2018-ல் உலக மரபுச் சின்னமானது. முதலில் அருங்காட்சியகம், பிறகு இடிபாடு என்ற வரிசையில் பார்த்தால்தான் விளங்கும்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், அக்டோபர் நல்ல மாதங்கள். மே மாதம் என்றால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்து வையுங்கள். எந்த மாதமானாலும் இரண்டு இரவுக்குக் குறைவாகத் திட்டம் போடாதீர்கள்.