வெப்பநீர்ப் பம்பை மாற்றும்போது

பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில், கொதிகலனில் சூடாகும் நீரை அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குச் செலுத்தித் திரும்பக் கொண்டுவரும் சிறு சுழற்சிப் பம்பு நின்றுவிட்டால், வீடு முழுவதும் குளிர்ந்துவிடும். எஃகு ரேடியேட்டர்களின் உட்புறம் அரிக்கப்படுவதால் உண்டாகும் மேக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடு சேறாகப் படிந்து சுழலியை இறுக்குவதே இப்பழுதுக்கு அடிக்கடி காரணமாகிறது. ஆகவே நீரைத் தூய்மைப்படுத்தாமல் பம்பை மட்டும் மாற்றுவது அரைவேலையே. மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்து, நீர் ஆறியபின், இருபுற வால்வுகளையும் மூடிப் பழையதைக் கழற்றி, பெரும்பாலும் 130 மில்லிமீட்டர் நீளமுள்ள புதியதை, அதன் அம்புக்குறி நீரோட்டத் திசையைக் காட்டுமாறு பொருத்த வேண்டும். சுழலும் தண்டு கிடைமட்டமாக இருப்பது இன்றியமையாதது. ஓடும் நீரே தண்டின் பேரிங்குகளுக்கு மசகாவதால், செங்குத்தாக நின்றால் அங்கே காற்று தங்கி அவை தேயும். எரிவாயுக் கொதிகலனுக்குள்ளேயே அமைந்த பம்பாயின், அப்பணியை 'கேஸ் சேஃப்' பதிவேட்டிலுள்ள பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.