மேகமும் மாசற்ற கதிரவனும்

கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் 1904 முதல் கதிரவனைப் படமெடுத்து வந்துள்ளனர். அப்பழைய தகடுகள் இன்று கணிப்பொறிப் படங்களாகவும் மாற்றப்பட்டுள்ளன. அவற்றில் காணும் கரும்புள்ளிகளை, ஆக்சஸ் போன்ற மென்பொருளில் நாமே பதிவதாகக் கொள்வோம்.

ஓர் அட்டவணை போதாதோ? ஒரு தகட்டில் பத்துப் புள்ளிகள் இருப்பின், நாளையும் நேரத்தையும் பத்து முறை எழுத நேரும். ஒரு வரியில் கை தவறினும், ஒரே படத்துக்கு இரண்டு நாள்கள் வந்துவிடும். ஆகவே, முதல் அட்டவணையில் தகட்டெண், நாள், நேரம். இரண்டாவதில் புள்ளியின் இடம், பரப்பு, அதற்குரிய தகட்டெண். இவ்வெண்ணே இரண்டையும் பிணைக்கும் கயிறு. இம்முறைக்கு 1970-இல் அடிகோலியவர் எட்கர் காட் என்னும் அறிஞர்.

இனி வினவல். நாளொன்றுக்கு எத்தனை புள்ளிகள் என்று கேட்கிறோம். சாதாரணச் சேர்க்கை, இரண்டிலும் எண் ஒத்த வரிகளை மட்டுமே தரும். புள்ளியே இல்லாத நாளின் தகடு விடையில் வாராது; மேகம் மூடிப் படமெடுக்க இயலாத நாளும் வாராது. முன்னது கதிரவனைப் பற்றிய செய்தி. பின்னது பழனி மலை மழையைப் பற்றியது! இரண்டும் ஒன்றாக மறைந்தால், கதிரவனின் பதினோராண்டுச் சுழற்சியை ஆராய்வோர்க்குச் சராசரி பொய்யாக உயர்ந்துவிடும்.

தகட்டு அட்டவணையை இடப்புறம் நிறுத்தி, அதன் எல்லா வரிகளையும் கேட்டல் வேண்டும். புள்ளியற்ற தகட்டுக்கு எதிரே வெற்றிடம் தோன்றும். அங்கே வரிகளை எண்ணினால் ஒன்று என வரும். புள்ளிகளின் கட்டத்தை எண்ணினால்தான் சுழி கிடைக்கும். படமில்லாத நாள்களுக்கோ, நாட்காட்டியையே மூன்றாம் அட்டவணையாக எழுதி இடப்புறம் வைத்தல் வேண்டும்.