தேயாத அளவு

ஒரு துளையின் விட்டம் சரிதானா என்று பார்க்கும் பட்டறைப் பரிசோதகரின் கையிலுள்ள, கேஜ் எனப்படும் சிறு எஃகு உருளைக்கு இரு முனைகள் உண்டு; ‘கோ’ என்னும் முனை துளைக்குள் தடையின்றி நுழையவேண்டும், ‘நோ கோ’ என்னும் மறுமுனை வாயிலிலேயே நின்றுவிடவேண்டும். நாள் முழுதும் துளை துளையாகப் புகுந்து மீளும் கோ முனையை, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளும் சாணைக்கல் பொடியும் ஒவ்வொரு தடவையும் இம்மியளவு அராவி விடுகின்றன. அவ்வாறு மெலிந்த முனை, இருக்கவேண்டியதைவிடக் குறுகிய துளையையும் நல்லதென்று ஏற்றுவிடும். தவறுவது அளவுகோலே ஆதலால், அத்தவறைக் காட்டிக்கொடுக்க அருகில் வேறொன்றும் இராது.

ஆகவே கேஜை ஒப்பிட்டுப் பார்க்க மூல அளவுக்கட்டைகள் வேண்டும். ஸ்வீடன் தேசத்து எஸ்கில்ஸ்டூனா நகரின் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணிபுரிந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், 1894-ல் ஜெர்மனியிலுள்ள மௌஸர் தொழிற்சாலையைப் பார்க்கச் சென்றபோது, ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே அங்கே குவிந்திருந்த அளவுக்கட்டைகளைக் கண்டு, சில கட்டைகளைச் சேர்த்தே எல்லா அளவுகளையும் பெறலாகாதா என்று யோசிக்கலானார். அதன் பயனாகப் பிறந்த 102 எஃகுக் கட்டைகளின் தொகுதியைக் கொண்டு, 1 மில்லிமீட்டர் முதல் 201 மில்லிமீட்டர் வரை, நூற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், ஏறக்குறைய 20,000 அளவுகளை அமைக்க முடிந்தது. தையல் யந்திரத்தைச் சாணை யந்திரமாக மாற்றி, வீட்டிலேயே அவர் கட்டைகளைத் தேய்த்து மெருகிட்டார் என்பதை நினைக்குந்தோறும் என் வியப்பு அடங்குவதில்லை.

கட்டையாயினும் கேஜாயினும் எளிதில் தேயாதிருக்க எஃகைக் கடினமாக்கவேண்டும். கிராமத்துக் கொல்லர் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி நீரில் முக்கித் தோய்ச்சல் கொடுப்பதும், கேஜ் செய்பவர் கரியும் குரோமியமும் கலந்த எஃகை 840 டிகிரி சென்டிகிரேட் அளவில் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்துவதும் தத்துவத்தில் ஒன்றே. அந்த உஷ்ணத்தில் இரும்பணுக்களின் அடுக்கினுள் கரைந்திருக்கும் கரி, நிதானமாக ஆறவிட்டால் பிரிந்து வந்துவிடும். திடீரெனக் குளிர்வித்தாலோ, பிரிய அவகாசமின்றி உள்ளேயே சிறைப்பட்டு, அடுக்கை நெருக்கி விறைப்பாக்கிவிடுகிறது. அடோல்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் பெயரால் மார்ட்டென்சைட் எனப்படும் இந்த ரூபத்தின்மேல் அரத்தை வைத்து இழுத்தால், பல் பதியாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆனால் கடினம் கைகூடியதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. சூட்டிலிருந்தபோதைய பழைய அமைப்பில் ஒரு சிறு பகுதி மாறாமல் எஞ்சியிருந்து, கட்டை பெட்டிக்குள் சும்மா கிடக்கையிலேயே, மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் மெல்ல மெல்ல மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. அது அதிக இடம் கொள்ளும் ரூபமாதலால் கட்டை வளர்கிறது. சிறைப்பட்ட கரியோ சிறிது சிறிதாகக் கழன்று, கட்டையைச் சுருங்கச் செய்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்தச் சஞ்சலம், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் பொருட்படுத்தும் கருவிக்குப் பெருங்கேடு. ஆகவேதான் தோய்ச்சலுக்குப் பின், திடக் கரியமில வாயுவின் உதவியால் எஃகைப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 78 டிகிரிக்கு இறக்கி, எஞ்சியதில் பெரும்பகுதியை அப்போதே மாறச்செய்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து, அதன் உள்ளத்தை அமைதிப்படுத்துகிறார்கள். இத்தனை பாடுபட்டு அடைந்த கடினத்தையும் அவசரச் சாணை ஒரு நொடியில் கெடுத்துவிடும். கல்லின் உஷ்ணம் ஏறிய இடம் மென்மையாகிவிடும், சில வேளை மயிரிழை வெடிப்பும் காணும்.

பொருளை இருத்தி அளவு பார்க்கும் பெரிய பரிசோதனைச் சட்டங்களை முழுதுமாகத் தோய்த்தால் கோணிவிடும். ஆதலின் பொருள் வந்து தொடும் ஊசிகளையும் தாங்குமேடைகளையும் மட்டும் தனியே கடினமாக்கிப் பொருத்துகிறார்கள், தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றிவிடலாம். கோணலைத் தவிர்க்க வேறொரு வழியும் உண்டு: அம்மோனியா வாயுவில் 500 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, மேற்பரப்பில் நைட்ரஜனை ஊறச்செய்யும் முறையில் திடீர்க் குளிர்ச்சியே தேவையில்லாததால், கோணல் மிகக் குறைவு.

இதைப் படிப்பவர்களில் பட்டறைப் பரிசோதகர் எவரேனும் இருப்பின் ஒரு விண்ணப்பம்: துளையையும் முனையையும் துணியால் துடைத்த பின்னரே முனையை நுழைத்துப் பாருங்கள், குறித்த தவணையில் கோ முனையை மூல அளவுக்கட்டையோடு ஒப்பிட்டு, எல்லை கடந்து தேய்ந்திருந்தால் அன்றே ஒதுக்கிவையுங்கள்.