எந்த மயிர், எந்த நீர்? சவரத் தூரிகையைத் தெரிவு செய்தல்

குளிர்காலம் நெருங்கும்போது எமது ஆண்கள் பலரின் முகத்தோலில் ஒரு மாற்றம் தெரிகின்றது. வீட்டுச் சூடாக்கியின் வறண்ட காற்றும் வெளியே வீசும் குளிர்காற்றும் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிட, நாள்தோறும் சவரம் செய்யும் கன்னமும் கழுத்தும் சிவந்து எரிகின்றன. தாடைக்குக் கீழே சிறு பருக்கள் தோன்றுகின்றன. வெட்டுண்ட மயிர் சுருண்டு மீண்டும் தோலுக்குள்ளேயே புகுந்து வளர்வதால் உண்டாகும் பருக்கள் பல. சுருண்ட மயிர் உடையோருக்கு இத்தொல்லை அதிகம். மூன்று, நான்கு அலகுகள் பொருத்திய சவரக்கத்திகள் மயிரைத் தோலின் மட்டத்துக்கும் கீழாக வெட்டுவதால் அது மேலும் வளர்கின்றது. அக்கத்திகளின் மாற்று அலகுகளுக்கு நாம் கொடுக்கும் விலையோ யாவரும் அறிந்தது. பல கடைகளில் அவை பூட்டிய பெட்டிக்குள் வைக்கப்பட்டிருப்பதே அதற்குச் சான்று.

இத்தொல்லைக்குத் தூரிகையும் சவர்க்காரமும் முழு மருந்து என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் அழுத்தக் குடுவையிலிருந்து பீறிடும் நுரை செய்யாத ஒன்றைத் தூரிகை செய்கின்றது. தாடிமயிர் நீரை உறிஞ்சி மென்மையாவதற்கு இரண்டு, மூன்று நிமிடங்கள் தேவை. வெந்நீரில் தோய்ந்த தூரிகை முகத்தில் வட்டமிடும் வேளையில் அந்த நிமிடங்கள் தாமாகவே கழிந்துவிடுகின்றன. படிந்து கிடக்கும் மயிர் நிமிர்ந்து நிற்கின்றது. அலகு வழுக்கிச் செல்வதற்கு ஏற்ற ஈரமும் தோலில் தங்குகின்றது. ஊரிலே சலூன்காரர் கிண்ணமும் தூரிகையும் படிகாரக் கட்டியும் வைத்துக்கொண்டு ஆறுதலாகச் செய்த வேலையின் பயன் இதுதான். அவர் நேரத்தை வீணாக்கவில்லை.

தூரிகை வாங்கச் செல்பவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று. அது எந்தப் பிராணியின் மயிர் என்பதையே. சந்தையில் பன்றி, குதிரை, பாட்ஜர் எனப்படும் வளைக்கரடி ஆகியவற்றின் மயிரால் செய்தவையும் செயற்கை இழையால் செய்தவையும் உள்ளன. எம்மிடையே இஸ்லாமிய அன்பர்கள் இருக்கின்றார்கள். புலால் மறுத்த சைவக் குடும்பங்களும் இருக்கின்றன. நாள்தோறும் உதட்டருகே கொண்டுசெல்லும் பொருள் எதனால் ஆனது என்று தெரியாமல் பயன்படுத்த அவர்கள் விரும்பமாட்டார்கள். ஆனால் கடை உறைகளில் உள்ள சொற்கள் அதனை வெளிப்படையாகச் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் 'பிறிசில்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பன்றிமயிர் என்றே கொள்ளவேண்டும். ஜேர்மன் மொழியில் 'போர்ஸ்டன்', இத்தாலிய மொழியில் 'செத்தோலா' என்பனவும் அதையே குறிக்கும். பிரெஞ்சு மொழியில் 'சுவா' என்ற சொல்லைக் கண்டு பட்டு என்று மயங்குவோர் உண்டு. அச்சொல்லுக்குப் பட்டு என்பதே முதற்பொருள் எனினும் தூரிகையில் அது பன்றிமயிரைச் சுட்டுகின்றது. இதைவிட வேடிக்கை 'பிளேறோ' என்ற சொல். அது வளைக்கரடியின் பெயர். சவரத் தூரிகைக்கும் பிரெஞ்சுக்காரர் அப்பெயரையே இட்டுவிட்டனர். ஆகவே பிரான்சில் கடைத்தட்டில் 'பிளேறோ' என்றிருப்பது பன்றிமயிராகவோ நைலோனாகவோ இருக்கலாம். 'பியூர் பிளேறோ' என்று இருந்தால்தான் அது உண்மையில் அந்தப் பிராணியின் மயிர். பன்றிமயிரில் கறுப்புப் பட்டையைச் சாயமாக ஏற்றி வளைக்கரடி மயிர்போலத் தோற்றுவிப்பதும் பழைய வழக்கமே.

மதமோ கொள்கையோ தடுக்காதவர்க்குப் பன்றிமயிர்த் தூரிகை மலிவானது, நெடுநாள் உழைப்பது. இத்தாலியின் பொலோஞ்ஞா நகரைச் சேர்ந்த ஒமேகா நிறுவனத்தின் தூரிகைகள் ஐரோப்பிய முடிதிருத்தும் நிலையங்களில் பரவலாகக் காணப்படுகின்றன. பத்துப் பதினைந்து யூரோவுக்குள் நல்லது ஒன்றை வாங்கிவிடலாம். முதல் வாரங்களில் அது முரடாகக் குத்தும், வாடையும் வீசும். இதனால் ஏமாற்றமடைந்து எறிந்துவிடுவோர் பலர். நாட்செல்ல ஒவ்வொரு மயிரின் நுனியும் பிளந்து மென்மையாகிவிடும். இம்மயிர் நீரைத் தன்னுள் உறிஞ்சுவதால் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்த பின்னரே நுரை கூட்டவேண்டும். குதிரைமயிர் இதற்கும் வளைக்கரடி மயிருக்கும் இடைப்பட்டது. வாலிலும் பிடரியிலும் கத்தரித்து எடுக்கப்படுவதால் பிராணியைக் கொல்லவேண்டிய தேவையில்லை.

வளைக்கரடி மயிர் விலை உயர்ந்தது. வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட இப்பிராணி எமது ஈழத்தில் இல்லை. அதன் மயிர்களுக்கிடையே நீர் நிறையத் தங்கும், நுனி மென்மையானது. வணிகர்கள் அதனைப் 'பியூர்', 'பெஸ்ற்', 'சுப்பர்', 'சில்வர்ரிப்' என்று தரம் பிரிக்கின்றனர். எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொதுவான அளவுகோல் இதற்கு இல்லை. ஒருவரின் 'சுப்பர்' மற்றொருவரின் 'பெஸ்ற்' ஆகலாம். பிரித்தானியாவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றி இப்பிராணியைக் கொல்வதும் துன்புறுத்துவதும் குற்றம். தூரிகைக்கான மயிரில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகின்றது. அங்கே சிறு கூண்டுகளில் இவை அடைக்கப்பட்டிருப்பதைக் காட்டும் படங்களை 2018 இல் பீற்றா என்ற விலங்குநல அமைப்பு வெளியிட்டதும் சில நிறுவனங்கள் இம்மயிரை விற்பதை நிறுத்தின. நூறு யூரோவுக்கு மேல் கொடுத்து இதனை வாங்குவதில் எமக்கு நியாயம் தெரியவில்லை.

செயற்கை இழையைப் பற்றிப் பழைய தலைமுறையினரிடம் நல்ல அபிப்பிராயம் இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1938 இல் பற்தூரிகையில் புகுந்த நைலோன் பின்னர் சவரத் தூரிகைக்கும் வந்தபோது நீர் தங்காமல், முகத்தைக் கீறுவதாக இருந்தது. இன்று நிலை வேறு. நுனி நோக்கி மெலிந்து செல்லும் நுண்ணிழைகள் வந்துவிட்டன. ஜேர்மனியின் சாக்சன் மாநிலத்தில் 1945 இல் தொடங்கப்பட்ட மியூலே போன்ற பழைய நிறுவனங்களே அவற்றை முன்னிறுத்தி விற்கின்றன. ஊறவைக்கத் தேவையில்லை, குறைந்த சவர்க்காரத்தில் நுரை வரும், விரைவில் உலரும், எம்மதத்தவர்க்கும் தடையில்லை. முதன்முதலாக வாங்குபவர் எம்மிடம் கேட்டால் இதனையே கூறுவோம்.

தூரிகையை மட்டும் விசாரித்துச் சவர்க்காரத்தை விட்டுவிடலாகாது. மேலுறையில் 'தலோவேற்' என்று முடியும் சொல் இருந்தால் அது மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பிலிருந்து செய்தது. மலிவான குச்சிச் சவர்க்காரங்களில் இச்சொல்லைக் காணலாம். 'பாமேற்', 'கொக்கோவேற்' என்றிருந்தால் அவை பாம் எண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஆகும். 'ஸ்ரியறேற்' மட்டும் இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். தாவரப் பொருள் என்று தனியே எழுதியிருக்கின்றதா எனப் பார்க்கவேண்டும்.

நுரை வரவில்லை என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் தூரிகையன்று, நீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் துணி துவைத்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. சுண்ணக்கற் பாறையினூடாக வந்த அந்நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து படியும். கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒட்டும். இலண்டன், பாரிஸ் நகரங்களின் குழாய்நீரும் அத்தகையதே. நோர்வேயில் வாழ்வோருக்கு இக்கவலை இல்லை. அங்கே நீர் மென்மையானது. ஒரே தூரிகையும் ஒரே சவர்க்காரமும் ஒஸ்லோவில் உள்ள தம்பிக்கு நன்றாக நுரைத்து, இலண்டனில் உள்ள அண்ணனுக்கு நுரைக்காமல் போவது இதனாலேயே. வன்னீர் உள்ள இடத்தில் சவர்க்காரத்தின்மேல் தூரிகையை வழமையைவிட இருமடங்கு நேரம் சுழற்றவேண்டும்; நீரைத் துளித்துளியாகவே சேர்க்கவேண்டும். கொதிக்கவைத்து ஆறி, சுண்ணம் அடியில் தங்கிய பின் மேலே நிற்கும் நீரைப் பயன்படுத்துவதும் உதவும்.

அளவைப் பொறுத்தவரை, கற்றையின் அடி 22 முதல் 24 மில்லிமீற்றர் விட்டமும், மயிரின் உயரம் ஏறத்தாழ 50 மில்லிமீற்றரும் இருந்தால் போதும். பெருத்த தூரிகை சவர்க்காரத்தை விழுங்கும்.

பழம்பொருட் சந்தைகளில் அழகிய பிடியுடன் கூடிய பழைய தூரிகைகள் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அவற்றை வாங்கவேண்டாம் என்பதற்கு வலுவான வரலாற்றுக் காரணம் உண்டு. முதலாம் உலகப் போரின்போது வளைக்கரடி மயிரின் வழமையான வரத்துத் தடைப்பட்டது. பதிலாக ஆசியாவிலிருந்து வந்த குதிரைமயிர், சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாமல் தூரிகைகளாயிற்று. அவற்றால் சவரம் செய்த பிரித்தானிய, அமெரிக்கப் போர்வீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் அந்திராக்ஸ் எனும் அடைப்பான் நோய் தொற்றியது; பலர் இறந்தனர். ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைப் பிரித்தானியா 1920 இல் தடைசெய்தது. இக்கிருமியின் வித்துக்கள் பல்லாண்டுகள் உயிர்த்திருக்க வல்லவை. இன்று ஆபத்து மிகச் சிறிதே எனினும், 1930 க்கு முற்பட்ட தூரிகைகளைத் தவிர்க்குமாறு அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் சஞ்சிகை 2017 இல் எழுதியது.

அகதிகள் விடுதிகளில் ஒரு குளியலறையைப் பலர் பங்கிடும் நிலையில் மற்றோர் ஆபத்து உண்டு. தூரிகையைக் கைமாற்றினால் தோற்கிருமிகளும் படைநோயும் பரவும். சவரக்கத்தியைக் கைமாற்றினால் இரத்தத்தின் வழியே ஈரல் அழற்சிக் கிருமியே பரவலாம். நண்பர் அவசரத்துக்குக் கேட்டாலும் மறுப்பதில் தவறில்லை. மலிவான தூரிகை ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுக்கலாம். களவு போகாமல் இருக்க ஈரத்தோடு பிளாஸ்ரிக் பைக்குள் முடிந்து பெட்டியில் வைப்பவர்களும் உள்ளனர். மயிர் புளித்து மணப்பதும் அடி தளர்ந்து உதிர்வதும் அதனால்தான். நன்கு அலசி, உதறி, துவாயில் ஒற்றி, அறையின் யன்னலோரம் காற்றுப்பட நிறுத்திவைக்க வேண்டும்; சூடாக்கியின் மேல் வைக்கக்கூடாது. வன்னீர்ப் பகுதிகளில் சில மாதங்களில் மயிரின் அடியில் வெண்படிவம் சேரும். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஐந்து நிமிடங்கள் தோயவைத்து அலசினால் அது கரைந்துவிடும்.