கோணல் மூக்கும் அதன் நடுச்சுவரும்

மூக்குக் கோணலாயிருப்பதைக் கண்டவுடன், எலும்பு ஒருபுறம் சாய்ந்துவிட்டது, அதை நிமிர்த்திவிட்டால் காரியம் முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், மூக்கில் எலும்பாயிருப்பது மேலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். அதற்குக் கீழே உருவம் தருபவை குருத்தெலும்புகளே. அவற்றை நடுவிலிருந்து தாங்கும் சுவர் வளைந்திருக்கும் வரையில், வெளியே செய்யும் திருத்தம் எதுவும் நிலைப்பதில்லை.

பெர்லின் நகரத்து ஜாக் ஜோசப் என்னும் வைத்தியர், மூக்கின் பருமனால் மனிதர் நடுவே செல்லவும் கூசிய ஒருவருக்கு 1898-ஆம் ஆண்டில் சஸ்திர சிகிச்சை செய்து, மனத்தின் வேதனையும் வைத்தியத்துக்குரிய விஷயமே என்று வாதித்தார். பிற்காலத்தில் அவர் முகத்தில் வடு தெரியாவண்ணம் நாசித்துவாரங்களின் வழியாகவே எலும்பை அறுத்தார். அவருடைய சிறு ரம்பத்தின் இடத்தை இன்று பெரும்பாலும் உளி பிடித்துக்கொண்டது. கேளா ஒலியின் அதிர்வினால், மென்மையான சதையைப் பெரிதும் காயப்படுத்தாமல் எலும்பை மட்டும் வெட்டும் கருவியும் வந்திருக்கிறது. முறை மாத்திரம் அதுவே: கன்னத்தோடு சேரும் ஓரத்திலும் நடுக்கோட்டிலும் எலும்பைப் பிரித்து, அகன்ற மூக்காயின் இரு பக்கங்களையும் உள்ளே நகர்த்துவதும், கோணல் மூக்காயின் நீண்ட பக்கத்தையும் குறுகிய பக்கத்தையும் சமன் செய்வதுமாகும்.

எலும்பு சில வாரங்களில் புதிய இடத்தில் கூடிவிடும். குருத்தெலும்போ பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். ஆகவே நடுச்சுவரின் வளைந்த பகுதியை எடுக்கும்போது, முதுகுப்புறத்திலும் முன்புறத்திலும் சுமார் 1 சென்டிமீட்டர் அகலத்தையாவது தூணாக விட்டுவைப்பார்கள். அதையும் குறைத்தால் மூக்கின் முதுகு பள்ளமாகிவிடும். அந்தத் தூணே மிகவும் முறுகியிருந்தால், சுவர் முழுவதையும் வெளியே எடுத்து, நேராக்கி, மீண்டும் பொருத்துவதுமுண்டு. இதுவே இத்துறையின் கடினமான வேலை என்பது என் கருத்து.

அகலத்தைக் குறைப்பதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. மடல்கள் மட்டும் விரிந்திருந்தால், நியூயார்க்கின் ராபர்ட் வியர் 1892-இல் விவரித்தபடி, அடியில் சிறு துண்டை நீக்கித் தைப்பது போதும். வடு கன்னத்து மடிப்பிலேயே மறையும். நடுப்பகுதியை நெருக்கும்போதோ, சுவாசம் செல்லும் உள்வழி அடைபடலாம். அமெரிக்கரான ஜாக் ஷீன் 1984-இல் வெளியிட்ட முறையில், நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையே மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளை வைத்து அவ்வழியைத் திறந்துவைக்கிறார்கள். கோணல் மூக்கில் குழிந்த பக்கத்துக்குச் சற்றுத் தடித்த பட்டையும் வைப்பதுண்டு. மூச்சு விடத் திணறும் மூக்கு, கண்ணாடியில் எவ்வளவு நேராகத் தெரிந்தாலும், நன்கு திருத்தப்பட்ட மூக்காகாது; அதனால் வைத்தியரிடம் செல்பவர் அழகைப் பற்றிக் கேட்பதற்கு முன் சுவாசத்தைப் பற்றிக் கேட்பது அவசியம்.

கட்டு ஒரு வாரத்தில் அவிழ்க்கப்பட்டாலும் வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டாகலாம். தோல் தடித்தவர்களுக்கு நுனியின் வீக்கம் இன்னும் தாமதமாகவே வடியும். மறு சிகிச்சை வேண்டுமா என்று அதற்கு முன்னால் தீர்மானிப்பது பெரும்பாலும் அவசரமே.