அறுவை மருத்துவர்களைக் கணக்குக் கேட்ட சங்கம்

அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரியின் பெயரில் கல்லூரி இருந்தாலும், அது மாணவர்களைச் சேர்த்துப் பட்டம் தரும் இடம் அல்ல. அமெரிக்கா, கனடா நாடுகளின் அறுவை மருத்துவர்கள் 1913-இல் அமைத்துக்கொண்ட தொழில்முறைச் சங்கம் அது. தலைமையகம் சிகாகோவில் இருக்கிறது. இதழ் நடத்துவது, ஆண்டு மாநாடு கூட்டுவது, உறுப்பினர் நலனுக்குக் குரல் கொடுப்பது ஆகியவை எல்லாச் சங்கங்களும் செய்பவை, இதுவும் செய்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே இது இன்னொரு கடினமான வேலையையும் கையில் எடுத்தது. தன் உறுப்பினர்கள் கத்தி வைத்த நோயாளிகள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்கத் துணிந்தது.

அன்றைய நிலைமை அப்படி. மருத்துவ உரிமம் வைத்திருந்த எவரும் அறுவை சிகிச்சை செய்யலாம். தனிப் பயிற்சி தேவையில்லை. ஊர் ஊராகப் போய் ஆப்பரேஷன் செய்துவிட்டு உடனே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவோர் உண்டு. காயம் சீழ் பிடித்தால் பார்க்க ஆள் இருக்காது. அதைவிட மோசமானது கமிஷன். நோயாளியை அனுப்பிவைத்த குடும்ப மருத்துவருக்கு, அறுவை மருத்துவர் தன் கட்டணத்தில் ஒரு பங்கை ரகசியமாகக் கொடுப்பார். கைத்திறமை உள்ளவரிடம் போகவேண்டிய நோயாளி, அதிகமாகக் கொடுப்பவரிடம் போய்ச் சேர்ந்தார்.

சிகாகோ மருத்துவர் ஃபிராங்க்ளின் மார்ட்டின் 1905-இல் அறுவை மருத்துவர்களுக்காக ஓர் இதழைத் தொடங்கியிருந்தார். 1910-இல் வாசகர்களைச் சிகாகோவுக்கு வரவழைத்து, அங்குள்ள மருத்துவமனைகளில் தேர்ந்த மருத்துவர்கள் ஆப்பரேஷன் செய்வதை நேரில் பார்க்க வைத்தார். கூட்டம் அலைமோதியது. பார்த்துக் கற்க இத்தனை பேர் துடிக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு ஒழுங்கான பயிற்சி கிடைத்திருக்கவில்லை என்றுதானே பொருள்? அந்தக் கூட்டங்களிலிருந்தே சங்கம் பிறந்தது. பால்டிமோரின் ஜான் ஃபின்னி முதல் தலைவர் ஆனார். சேருவோர் கமிஷன் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை என்று உறுதிமொழி தரவேண்டும். தாம் செய்த 100 ஆப்பரேஷன்களின் விவரத்தையும் எழுதித் தரவேண்டும்.

அந்த 100 கேஸ் விவரம்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. விண்ணப்பித்தவர்களில் பலரால் அதைத் தர முடியவில்லை. திறமை இல்லாததால் மட்டுமல்ல, அவர்கள் வேலை பார்த்த மருத்துவமனைகளில் கேஸ் ஷீட்டே சரியாக இல்லை. யாருக்கு என்ன நோய், என்ன அறுவை, எப்படி வீடு திரும்பினார் என்பதற்கு எழுத்தில் ஆதாரமே கிடையாது. மருத்துவரை மதிப்பிட வேண்டுமானால் முதலில் மருத்துவமனையைத் திருத்தியாக வேண்டும் என்று சங்கம் கண்டுகொண்டது.

இதை முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர் பாஸ்டனின் எர்னெஸ்ட் காட்மன். ஒவ்வொரு நோயாளியையும் வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து கவனித்து, சிகிச்சை பலித்ததா, பலிக்காவிட்டால் ஏன் என்று எழுதி வெளியிட வேண்டும் என்பது அவர் வாதம். சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை நடத்தி அதைச் செய்தும் காட்டினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கில் 123 பிழைகளைத் தாமே பதிவு செய்து அச்சிட்டார். சங்கம் அவரை மருத்துவமனைத் தரத்துக்கான குழுவுக்குத் தலைவராக்கியது. ஆனால் 1915-இல் ஒரு கூட்டத்தில், பாஸ்டன் மருத்துவ உலகைக் கேலி செய்யும் தீக்கோழிச் சித்திரம் ஒன்றை அவர் வைத்தபோது சக மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். பதவிகள் போயின. 1940-இல் இறந்த அவர் கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட 2014-இல்தான் வைக்கப்பட்டது.

அவர் கேட்டது முழுவதையும் செய்யச் சங்கத்துக்குத் துணிவில்லை. அதில் ஒரு பகுதியைச் செய்தது. 1917-இல் குறைந்தபட்சத் தரம் என்று ஒரே பக்கத்தில் ஒரு விதித்தொகுப்பை எழுதியது: உரிமமும் நேர்மையும் உள்ள மருத்துவர்கள் மட்டுமே வேலை பார்க்கவேண்டும்; கமிஷன் கூடாது; மாதம் ஒருமுறையாவது கூடி நோயாளிகளின் நிலையை ஆராயவேண்டும்; கேஸ் ஷீட் முழுமையாக இருக்கவேண்டும்; ஆய்வகமும் எக்ஸ்ரேயும் வேண்டும். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த விதிகளை வைத்து 100 படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தார்கள். தேறியவை 89. தேறாதவற்றில் நாட்டின் பெரிய பெயர்களும் இருந்தன. பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, 1919-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நள்ளிரவில் அதை உலையில் போட்டு எரித்தார்கள்.

எரித்தது கோழைத்தனம் என்றே சொல்லவேண்டும். தாங்கள் நம்பிப் படுக்கும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிகளுக்கு இருந்தது. ஆனால் சோதனை நிற்கவில்லை. ஆண்டுதோறும் தொடர்ந்து, 1950-க்குள் 3,000-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தேறின. செலவும் வேலையும் ஒரு சங்கம் தனியே தாங்க முடியாத அளவுக்குப் பெருகவே, 1951-இல் மற்ற மருத்துவ அமைப்புகளோடு சேர்ந்து அதற்கெனத் தனி ஆணையத்தை உருவாக்கினார்கள்.

சங்கத்தின் இன்னொரு பெரிய வேலை பயிற்சி. 1976 பிப்ரவரியில் எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்காவின் வயல்வெளியில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தலையில் பலத்த அடி. வழியில் வந்த காரை நிறுத்தி அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்தவர்களுக்குப் பலத்த காயத்தை எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை. அந்த வேதனையிலிருந்து அவரும் நண்பர்களும் ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். 1980-இல் சங்கம் அதை ஏற்று நாடெங்கும் பரப்பியது. மூச்சுவழி திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, இரத்தம் எங்கே கொட்டுகிறது என்று, உயிரை முதலில் பறிக்கக்கூடியதை முதலில் கவனிக்கும் வரிசை அது. முழு நோய் விவரம் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்திய மருத்துவர்களும் இந்தப் பயிற்சியைப் பெறுகிறார்கள்.

காட்மன் கேட்டதும் காலம் கடந்து வந்து சேர்ந்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் உருவான ஒரு கணக்கெடுப்பு முறையைச் சங்கம் 2004-இல் மற்ற மருத்துவமனைகளுக்குத் திறந்துவிட்டது. பயிற்சி பெற்ற செவிலியர் ஆப்பரேஷன் முடிந்து 30 நாள் வரை நோயாளியைத் தொடர்ந்து, காயத்தில் சீழ் வைத்ததா, நிமோனியா வந்ததா, மறுபடி ஆப்பரேஷன் தேவைப்பட்டதா, உயிர் பிழைத்தாரா என்று பதிவு செய்கிறார். வயதும் நோயின் கடுமையும் கணக்கில் சேர்க்கப்படுவதால், கடினமான கேஸ்களை ஏற்கும் மருத்துவமனை அதனாலேயே மோசமானதாகத் தெரியாது.

சங்கத்தின் வரலாற்றில் கறையும் உண்டு. 1913-இல் சேர்ந்த டேனியல் ஹேல் வில்லியம்ஸுக்கு அடுத்துக் கறுப்பின மருத்துவர் ஒருவர் உள்ளே வர 1934 ஆயிற்று. தரம் பார்ப்பதாகச் சொன்ன கதவு, தரம் இருந்தும் பலரை வெளியே நிறுத்தியது.

இத்தகைய சங்கங்களின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. தவறு செய்த உறுப்பினரை அவை நீக்கலாம். மருத்துவத் தொழிலையே செய்யவிடாமல் தடுக்க முடியாது. உரிமம் அரசு தருவது. சிறப்புத் தகுதித் தேர்வு நடத்துவது 1937-இல் தனியாக அமைந்த அமெரிக்க அறுவை மருத்துவ வாரியம்.

இந்தியாவிலும் அப்படித்தான். 1938-இல் அமைந்த இந்திய அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. ஆய்விதழ் வெளியிடுகிறது, ஆண்டு மாநாடு நடத்துகிறது. எலும்பு மருத்துவம், சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவம் போன்ற துறைகளின் சங்கங்கள் அதன் மடியில் பிரிவுகளாக வளர்ந்து பின்னர் தனித்து நின்றவை. உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை; சிகிச்சையில் தவறு நடந்ததாகக் கருதும் நோயாளி புகார் கொடுக்க வேண்டிய இடம் அந்தந்த மாநில மருத்துவ கவுன்சில்.